ஒவ்வாமை: இல்லை

அழித்துவிட்டுக் காத்திருந்தாள்.

பத்து நொடி போதும் என்றது கையேடு.

ஆஸ்பத்திரியின் மொத்தப் பதிவுகளும் கீழ்த்தளத்துக் கணினியில் இருந்தன. அது படுத்துவிட்டால் கைகொடுக்க, பக்கத்துக் கட்டடத்தில் அப்படியே ஒரு நகல். இரண்டையும் ஒன்றுபோல வைத்திருப்பது இந்தப் புது மென்பொருளின் வேலை. நகலில் எது குறைந்தாலும் மூலத்தைப் பார்த்துத் திரும்ப எழுதிவிடும். இன்னும் வெளியிடாத பதிப்பு. சோதித்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார்கள்.

சோதிப்பது அவள் வேலை.

பொய்ப் பதிவுகளை வைத்துச் செய்கிறேன் என்றுதான் கேட்டாள். கணினிப் பிரிவின் தலைவர் சிதம்பரநாதன் ஒப்புக்கொள்ளவில்லை. நிஜத்தோடு இணைத்தால்தான் நிஜம் தெரியும் என்றார். மூலத்திலிருந்து நகலுக்கு ஒருவழிப் பாதைதானே, எதிர்த்திசையில் ஒன்றும் போகாது என்றார்.

கையேடும் அப்படித்தான் சொன்னது.

காலை பதினொன்று பத்து. அன்று சேர்ந்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. அந்த நான்கு குறிப்புகளை மட்டும் நகலில் அழித்தாள். சின்னச் சோதனை.

நான்கு என்று தாளில் எழுதிக்கொண்டாள். பெயர்களை எழுதவில்லை.

பத்து நொடி.

ஒரு நிமிடம்.

திரும்ப வரவில்லை.

மென்பொருள் நின்றுவிட்டதோ என்று மூலத்தைத் திறந்தாள்.

அங்கேயும் நான்கும் இல்லை.

நகலில் அழித்தது எதிர்த்திசையில் போய் மூலத்தையும் அழித்திருந்தது. எழுந்துபோய் இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் கேபிளைப் பிடுங்கினாள்.

சிதம்பரநாதன் போனில் நிதானமாகத்தான் பேசினார்.

"பதறாதீங்க. லாக் இருக்கு, அழிஞ்சதெல்லாம் அதுல பதிவாகியிருக்கும். ரெண்டு மணி நேரத்துல மீட்டுடலாம். அதுவரைக்கும் வெளியே மூச்சு விடாதீங்க."

உட்கார்ந்தாள்.

மீட்கும் வேலையைத் தொடங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வார்டிலிருந்தும் போன் வரவில்லை. ஆறுதலாக இருந்தது. கால் மணி நேரம் அந்த ஆறுதலில் போனது.

அப்புறம்தான் நர்சுகள் பார்க்கும் திரையைத் தன் கணினியில் திறந்தாள்.

பெயர், வயது, படுக்கை எண் எல்லாம் இருந்தன. 'ஒவ்வாமை' என்ற கட்டம் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். காலியாக இல்லை. குறிப்பு ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தத் திரை தானாகவே ஒரு சொல்லை நிரப்பிக்கொள்ளும்.

இல்லை.

பத்தொன்பது பேருக்கும், பச்சை எழுத்தில், இல்லை.

யாரும் போன் செய்யப்போவதில்லை.

பட்டியலை அச்செடுத்தாள். லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினாள்.

முதல் மாடி. ஒவ்வொரு கட்டிலாக நின்று ஒரே கேள்வியைக் கேட்டாள். உங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா? சிலர் சிரித்தார்கள். ஒருவர் கத்திரிக்காய் என்றார். ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர் சட்டையை விலக்கி, எப்போதோ ஒரு மாத்திரையால் வெந்துபோன தோலைக் காட்டினார்.

ஒன்று.

இரண்டாவது மாடியில் நர்ஸ் ஒருத்தி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலில் கல்லூரிப் பெண். பெனிசிலின் கூடவே கூடாது என்று அவள் அம்மா பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து நீட்டினார். நர்ஸ் சீட்டைப் படித்தாள். ஊசியைத் தட்டில் வைத்தாள். இவள் பக்கம் திரும்பினாள்.

"ஸ்க்ரீனை நம்பாதீங்க சிஸ்டர். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

சொல்லிவிட்டாள். மூச்சு விடாதீங்க என்ற சிதம்பரநாதனின் குரல் இன்னும் காதில் இருந்தது.

இரண்டு.

மூன்றாவது மாடியில் ஒரு கைக்குழந்தை. மூன்று.

மூச்சு வாங்கியது. பதினெட்டுப் பெயர்களை அடித்துவிட்டாள். மிச்சம் ஒன்று. பேச்சித்தாய், ஐம்பத்து நான்கு வயது, நான்காவது மாடி, பித்தப்பைக் கல்.

கட்டில் காலியாக இருந்தது. தலையணையில் எண்ணெய்க் கறை மட்டும்.

ஜெபராணி சிஸ்டர் மேசையிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"தியேட்டருக்கு அனுப்பி பத்து நிமிசம் ஆச்சே மேடம். ஸ்க்ரீன்ல பாத்துட்டுத்தான் அனுப்புனேன். அலர்ஜி ஒண்ணும் இல்ல."

"தியேட்டருக்குப் போன் போடுங்க. உடனே."

மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவள் ஓடினாள். நடைபாதையின் கடைசியில் தியேட்டர். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே பெஞ்சில் ஒரு பெரியவர், மனைவியின் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேச்சித்தாய் வீட்டுக்காரர்தானே? அவங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டாய்யா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கவலையே இல்லை. தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டவரின் தெளிவு இருந்தது.

"காலைலயே சொல்லியாச்சுல்லாம்மா. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாவ."

அவள் கதவைத் தட்டினாள்.

பிறகு இரண்டு கைகளாலும் தட்டினாள்.