காளான் பைகள்

“இந்தத் தடவையும் அழுகிப்போச்சு லா!” காளான் வளர்க்கும் பைகளைப் பார்த்துக் குமரவேல் தலையில் கை வைத்தான். “இது மட்டும் முளைச்சிருந்தா, வேலைய விட்டுட்டு, வீட்ட பேங்க்ல அடகு வச்சிப் பெரிய கொட்டாயே போட்டிருப்பேன்.”

மனைவி லோகேஸ்வரி நிமிர்ந்து வீட்டுக் கூரையைப் பார்த்தாள்.

பை விற்ற ஆன்ட்ரூவுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுத் திரும்பினான்.

“பை மேல ஏதாச்சும் தெளிச்சியா?”

“கண்ணு படக்கூடாதுன்னு மஞ்சத்தண்ணி தெளிச்சேங்க.”

“ஐயோ, மஞ்சள் காளானைக் கொன்னுடுமாம்!”

“தெரியாமப் போச்சே! இனிமே தெளிக்கலைங்க.”

காரணம் தெரிந்த நிம்மதியில் அன்றைக்கே தஞ்சோங் காராங் போய்ப் புதுப் பைகள் வாங்கி வந்து அடுக்கினான்.

மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பியதும் லோகேஸ்வரி இன்னும் பேங்க்குக்குப் போகாத அந்தச் சின்ன வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு மஞ்சள் டப்பாவை ஒதுக்கிவிட்டு, உப்பை அள்ளிப் பைகளுக்குத் தெளிக்கும் தண்ணீரில் கரைத்தாள்.