லண்டனில் ஏஞ்சல் பாடுகிறாள்

நொச்சிக்குப்பத்துச் சாலையோரம், பலகையில் அடுக்கிய வஞ்சிரத்தின் மேல் சாயங்கால வெயில் மினுங்குகிறது. ஐஸ் பெட்டிமேல் செல்போனைச் சாய்த்து வைத்து, மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் அந்தோணியம்மா. லண்டனில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஏஞ்சல், அங்கே பேர்பெற்ற ஒரு பாடற்குழுவில் சேர இப்போது பாடிக் காட்டுகிறாள். வாயே திறக்கக் கூடாது என்று அம்மாவுக்குக் கண்டிஷன். “சங்கரா இன்னா வெல?” என்று குனிந்தவரிடம், “சும்மா கெட நைனா, எம்பொண்ணு பாடிக்கினு கீது” என்று கிசுகிசுக்கிறாள். பாட்டு முடிகிறது. மாதா கோயிலில் பழகிய வாய், “ஆமென்!” என்று கத்திவிடுகிறது. ஐயோ, கெடுத்துவிட்டேனே என்று செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்துகிறாள். போனின் அந்தப் பக்கம் யார் யாரோ சிரிக்கிறார்கள். “எம்மா, என்னிய சேத்துக்கினாங்க! நீயும் வர்றியான்னு கேக்கறாங்க.” “நான் வந்துட்டா மீன யார்ரீ விக்கறது?” என்கிறாள், கன்னம் நனைய.