கண்ணுக்கு நல்ல டிவி

சுவர் முழுக்க டிவிகள். மொத்தம் பன்னிரண்டு என்று கடைக்காரர் சொன்னார்.

அவளுக்கு அது ஒரே சுவர். மழையில் நனைந்த கோலம் போல நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

அவளுடைய கண்ணாடி அம்மாவின் கைப்பையில் இருந்தது. தாலி ஏறிய பிறகு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு.

இதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து போயின. ஒரு வீட்டார் கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இன்னொரு வீட்டார் நாகரிகமானவர்கள். ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள்.

இது மூன்றாவது. நிச்சயம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள்.

பதினாறு நாள் எதிலும் இடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

சீருக்கு டிவி எடுக்க இரண்டு வீட்டாரும் கோபி கடைவீதிக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தான். தன் அம்மாவின் முதுகை ஒட்டியே நடந்தான். அடக்கமான பையன் என்று அவள் அம்மா காதோடு மெச்சினாள்.

அவளுக்கு அவன் ஒரு நீலச் சட்டை. முகத்தைப் போட்டோவில் பார்த்திருந்தாள். போட்டோவை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பதை யாரும் குற்றம் சொல்லவில்லை. வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் வரும்போதே அம்மா ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். அவள் எதையாவது தப்பாகச் செய்தால் அம்மா இருமுவாள்.

கடை வாசலில் நின்ற அட்டைப் பெண்ணுக்கு அவள் வணக்கம் சொன்னாள்.

அம்மா இருமினாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. டிவி கண்ணைக் கெடுக்கக் கூடாது. தங்கள் வம்சத்தில் ஒருத்தருக்கும் கண்ணாடி கிடையாது என்பதைக் காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார்.

அம்மா மூன்று முறையும் சிரித்தாள்.

கடைக்காரர் விளக்கினார். சில டிவிகளில் படம் நடுங்கும். பார்க்கிறவருக்குத் தெரியாது, ஆனால் கண் களைத்துப்போகும். சிலவற்றில் நீல வெளிச்சம் அதிகம். சிலவற்றில் எதிர் ஜன்னல் அப்படியே திரையில் வந்து உட்காரும். எல்லாவற்றையும் ஓடவிட்டிருக்கிறேன், ஆறடி தள்ளி நின்று பாருங்கள், எது கண்ணை உறுத்தவில்லையோ அதுதான் உங்கள் டிவி என்றார்.

ஆறடி.

அவளுடைய உலகம் ஒரு சாணில் முடிந்துவிடும்.

"நீயே சொல்லு அம்மிணி," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாளைக்குப் பொழுதுக்கும் பாக்கப்போறவ நீதான?"

எல்லோரும் காத்திருந்தார்கள்.

கண்ணைச் சுருக்கக் கூடாது. சுருக்கினால் மாட்டிக்கொள்வாள். அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு இடது பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

ஒரு மஞ்சள் குதித்தது. ஒரு சிவப்பு வெடித்து வெள்ளையானது. எல்லாமே கண்ணைக் குத்தின. எதைச் சொன்னாலும் பொய்தான்.

சுவர் முடியும் மூலையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது.

அது துடிக்கவில்லை. பச்சையும் நீலமுமாகச் சும்மா இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று மெல்ல மிதந்து போனது. இன்னொன்று திரும்பி வந்தது. பார்க்கப் பார்க்கக் கண் குளிர்ந்தது.

விரலை நீட்டினாள். அதுதான் என்றாள். மனதாரச் சொன்னாள்.

அம்மா இருமினாள்.

ஒரு முறை இல்லை. விடாமல் இருமினாள்.

அவள் விரலை இறக்குவதற்குள் மாப்பிள்ளை முன்னால் வந்தான். இதுவரை எதற்கும் வாய் திறக்காதவன். அவள் காட்டிய மூலையை ரொம்ப நேரம் பார்த்தான். வந்ததிலிருந்து தனக்கும் அதன் மேல்தான் கண் என்றான். படம் அத்தனை தெளிவு, உறுத்தவே இல்லை, எடுத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னான்.

இன்னொரு இருமல் கேட்டது.

அது அம்மாவுடையது இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் இருமல் சட்டென்று நின்றது.

கடைக்காரர் ஏசியைக் குறைக்கச் சொன்னார். மூலையைப் பார்த்தார். இரண்டு அம்மாக்களையும் பார்த்தார். நல்ல மனிதர். யார் மனமும் நோகாமல் சொன்னார்.

"எடுத்துக்கலாங்க. வாரம் ஒருக்காத் தண்ணி மாத்தோணும்."

மீன் தொட்டி.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா ஒரு மிக்ஸியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து அதே மிக்ஸிக்குள் பார்த்தார்.

நீலச் சட்டை அவள் பக்கம் சாய்ந்தது.

"உங்களுக்கு எவ்வளவுங்க?"

"நாலரை."

"எனக்கு ஆறு," என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

தன்னைவிடக் கூடப் பவர் உள்ள ஒருத்தரை அவள் அதுவரை சந்தித்ததில்லை. அவன் மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது.

மிக்ஸி மூடப்படும் சத்தம் கேட்டது.

"தம்பி," என்று மாப்பிள்ளையின் அம்மா கடைக்காரரைக் கூப்பிட்டார். "இருக்கறதுலயே பெருசு எதுங்க?"

கடைக்காரர் காட்டினார்.

அதைவிடப் பெரியது உள்ளே இருக்கிறதா என்று அம்மா கேட்டாள்.