விளிம்பு மடிந்த காசு

"எழுதிக் கொடுங்க" என்றாள் எல்ஸ்பெத், மூன்றாவது தடவையாக.

பிரேபனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகர நாணயச் சந்தையில் காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அச்சுச்சாலையே தப்பாக அடித்துவிட்ட காசு என்றால் ஆயிரக்கணக்கில் விலை போகும். வெளியே வந்தபிறகு சிதைந்தது என்றால் சீந்த ஆள் இருக்காது. எது எந்த ரகம் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் நப்பாசை. இந்த அம்மாளுக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"இங்க பாருங்கம்மா. 1930 வருஷத்து வெள்ளி ரெண்டு குரோனர். விளிம்பு உள்பக்கமா மடிஞ்சு, எழுத்தெல்லாம் அதுக்கடியில புதைஞ்சு கிடக்கு. அச்சடிக்கிறப்போ நடந்த தப்புன்னா இப்படிப் புதையாது. வெள்ளி எடைக்குத்தான் போகும். போதுமா?"

"போதாது. யாராவது கையால தட்டி மடிச்சிருப்பாங்களா?"

"தட்டியிருந்தா சுத்தியல் தழும்பு தெரியும். இது ஒரே சீரா உருண்டிருக்கு. துணி காயவைக்கிற டிரையர் இருக்குல்ல, அதோட உருளைக்கும் உறைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு சுத்து சுத்துன்னு சுத்தியிருக்கு."

"எத்தனை நாள் சுத்தியிருக்கும்?"

"நாளா? வருஷக்கணக்கா!"

"அதையும் எழுதுங்க. தேதி போட்டு, உங்க நாணயச் சங்கத்து முத்திரை குத்துங்க."

பக்கத்து மேஜைக்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார். "மதிப்பில்லைன்னு சர்டிபிகேட் கேக்கிற ஆளை இப்பதான்யா பார்க்கிறேன்!"

"எழுத இருநூறு குரோனர் ஆகும்மா. காசே அவ்வளவு பெறாது."

எல்ஸ்பெத் நோட்டுகளை எடுத்துப் பட்டென்று மேஜையில் வைத்தாள்.

பிரேபன் வேண்டாவெறுப்பாக நாலு வரி எழுதிவிட்டுப் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தார். "ராஜா காதுக்குப் பின்னால யாரோ 'பி'ன்னு ஒரு எழுத்தைக் குத்தி வெச்சிருக்காங்க. அதுவும் குறைதான்."

"அதை முக்கியமா எழுதுங்க!"

அவ்வளவுதான், பேனாவை வீசிவிட்டார் பிரேபன். "ஏம்மா, இந்தக் காகிதத்தை வெச்சுக்கிட்டு யாரை ஏமாத்தப் போறீங்க?"

எல்ஸ்பெத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"ஏமாத்தறதா? துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹோட்டல்ல துணி துவைச்சுக்கிட்டு இருந்தேன். முதலாளியம்மா பெண்டிக்ஸன் கோட்டுப் பையில இருந்த காசு இது. அவங்க அப்பா ஞாபகமா வெச்சிருந்தது, அவர் பேரோட எழுத்துதான் அந்த 'பி'. துவைக்கப் போட்ட கோட்டுல காசைக் காணோம்னதும் நான்தான் திருடினேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லித் துரத்திட்டாங்க. பதினோரு வருஷம் ஆச்சு! இன்னிக்கும் நான் ரொட்டிக்கடைக்குள்ள போனா என் கையையே பார்க்கிறாங்க. போன வாரம் அந்தப் பழைய டிரையரைப் பிரிச்ச மெக்கானிக் இதைக் கண்டெடுத்தாரு. என் மேல விழுந்த பழி அவருக்குத் தெரியும், அதான் என்கிட்ட கொடுத்தாரு."

பக்கத்து மேஜைக்காரர் எட்டி அந்தக் காசைப் பார்த்தார்.

பிரேபன் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். நோட்டுகளை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

அவள் திருப்பித் தள்ளினாள். "வெச்சுக்குங்க. இரக்கப்பட்டு எழுதினீங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. எழுத்து பெருசா இருக்கட்டும். மூணு மணிக்கு அந்த முதலாளியம்மா தோழிங்களோட ஹோட்டல்ல உட்கார்ந்து காப்பி குடிப்பாங்க. எல்லார் முன்னாலயும் நான் சத்தமாப் படிக்கணும்."

முத்திரையை அழுத்திக் குத்திவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார் பிரேபன். "இந்தக் காசை என்ன பண்ணப் போறீங்க?"

"அது அவங்களோடதுதானே? அவங்க காப்பித் தட்டுலயே வெச்சிட்டு வந்துருவேன்" என்றாள் எல்ஸ்பெத், காகிதத்தை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தியபடி.