மெய்மறந்த மதீனா பீவி

“பாத்திரம் கழுவுத மோரிக்குத் தண்ணி வார பைப்பக் காணும். நீங்க பாத்தியளா?”

தாராவியில் பிளாஸ்டிக் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீனிடம் அவர் மனைவி மதீனா பீவி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

“எவனாவது களவாண்டிருப்பான். ஞாயித்துக்கெழம, கட கெடையாது. நாளைக்குப் புதுசு மாட்டிருதேன். நீ கெளம்பு! துருக்கிலேர்ந்து பெரிய வித்வான் வந்திருக்காரு. நாணல் குழல்ல சூஃபி இசை. நமக்கு முன் வரிசை!”

இருபது வருடத்தில் ஒரு சினிமாவுக்குக்கூட அழைத்துப் போகாத மனிதர்! மதீனா பீவி பட்டுப்புடவை உடுத்திக்கொண்டாள்.

செம்பூர் அரங்கில் வித்வான் கண்ணை மூடிக் குழலை ஊதினார். முதல் மூச்சிலேயே அரங்கம் அடங்கிப்போனது. இரண்டாவது மூச்சில் மதீனா பீவி விருட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். இமைக்காமல் குழலையே பார்த்தாள்.

“ஆன்ட்டி அப்படியே கரைஞ்சுட்டாங்க!” என்று பின்வரிசைப் பெண் சிலிர்த்தாள். ஜெயினுலாப்தீன் மட்டும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்து கைதட்டல் ஓயவே இல்லை. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். வித்வானின் நாணல் குழல் விமானத்தில் உடைந்துவிட்டதாம். இன்று காலை மூன்றே மணி நேரத்தில் மாற்றுக் குழல் செய்துகொடுத்த ஜெயினுலாப்தீன் பொன்னாடை பெற மேடைக்கு வர வேண்டுமாம்.

எழுந்தவரின் சட்டையை மதீனா பீவி பிடித்து இழுத்தாள்.

“நடுவுல செவப்பா இருக்குல்லா? ஒழுகுதேன்னு போன மாசம் நான் வச்ச நெயில் பாலிஷ். பொன்னாட கெடக்கட்டும், பைப்ப வாங்கிட்டு வாங்க!”