ஒரே வாசகி

“ஒரு கட்டுரையைத் திறக்கிறீங்க, இறக்குறீங்க, மூடுறீங்க. அடுத்ததைத் திறக்கிறீங்க, இறக்குறீங்க, மூடுறீங்க. இதுக்குப் பேரு படிக்கிறதா, கடலை உரிக்கிறதா?”

முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்ததும், தேள் கொட்டின திருடன் மாதிரி ஆகிவிட்டாள் கணினி முன் உட்கார்ந்திருந்த அந்த ஆராய்ச்சி மாணவி.

பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு ‘நத்தை’ என்று பெயர். ஆராய்வது நத்தைகளை என்பதால் பாதி. ஆராய்ச்சி நகர்கிற வேகத்தால் மீதி. பின்னால் நின்றவர் நூலகர். அவருக்கும் பட்டப்பெயர் உண்டு, ‘உஷ் மேடம்’. யாராவது தும்மினால்கூட “உஷ்!” என்பார்.

“படிச்சிட்டுதான் இருக்கேன் மேடம்.”

“அப்படியா? இப்ப மூடினது எதைப் பத்தி?”

“நத்தையைப் பத்தி.”

“இந்தத் தரவுத்தளத்துல இருக்கிறது பூராவும் நத்தையைப் பத்திதான். நத்தையோட என்ன?”

“நத்தையோட... பல்லு.”

“தலைப்புல முட்டைன்னு போட்டிருந்துச்சே!”

இனி மழுப்பிப் பயனில்லை. இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள்.

ஆய்விதழ்களை இணையத்தில் படிக்க, அவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளங்களுக்கு வருஷா வருஷம் சந்தா கட்டுகிறது பல்கலைக்கழகம். எந்தத் தரவுத்தளத்தை யாரும் சீண்டவில்லையோ, அதை இந்த மாதக் கடைசியில் நூலகக் குழு கூடி வெட்டப் போகிறது. நத்தைத் தரவுத்தளத்துக்கு இத்தனை பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரே வாசகி அவள்தான். அது போனால் அவளுடைய ஆய்வின் கடைசி அத்தியாயம் அந்தரத்தில் தொங்கும்.

“அதனால, நிறைய பேர் படிக்கிற மாதிரி...”

“பொய்க் கணக்கு!”

“ஒரு உயிரைக் காப்பாத்தப் பொய் சொல்லலாம்பாங்க மேடம்.”

“எந்த உயிரை? உங்களதா, நத்தையோடதா?”

பக்கத்து நாற்காலியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “உஷ்!” அதற்கும் ஒன்று விழுந்தது.

“இப்படி அள்ளி அள்ளி இறக்கினா, ஏதோ இயந்திரம் கொள்ளையடிக்குதுன்னு பதிப்பகத்துக்காரங்க மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் கதவைச் சாத்திடுவாங்க. எழுந்திருங்க. குழு கூடுற வரைக்கும் உங்க கணக்கு முடக்கம்.”

“மேடம், படிக்கிறதே நான் ஒருத்திதான். என்னையும் நிறுத்திட்டா...”

“கதவு அந்தப் பக்கம்.”

வாசற்படி இறங்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, அந்தப் பொம்பளைக்கு மனசு இருக்க வேண்டிய இடத்துல பூட்டு தொங்குதும்மா!”

“ஏன்டி, நீ செஞ்சது மட்டும் ரொம்ப நியாயமோ?”

“நீ யார் பக்கம்மா?”

“நத்தை பக்கம். அது பாட்டுக்கு சிவனேன்னு கிடந்துச்சு.”

குழு கூடிய அன்று, அடுத்து எந்தத் தலைப்பை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவளிடம் அவளுடைய கைடு மூச்சு வாங்க வந்து நின்றார்.

“தப்பிச்சே போ! உன் நத்தையை வெட்டல. வாசகர் கணக்குல பொருளாதாரத்தையே முந்திடுச்சாம்!”

“என் கணக்குதான் முடங்கிக் கிடக்குதே சார்?”

“அதான் எனக்கும் விளங்கல. ஆளாளுக்கு ஒண்ணுன்னு எத்தனையோ பேர் இறக்கிப் படிச்சிருக்காங்க. குழுவுல எல்லாரும் வாயைப் பிளந்துட்டாங்க.”

தன்னைத் தவிர நத்தைக்கு வாசகர்களா? பெற்ற பிள்ளையை ஊரே தூக்கிக் கொஞ்சின மாதிரி இருந்தது அவளுக்கு. யார் அந்தப் புண்ணியவான்கள் என்று பார்க்க நூலகத்துக்கு ஓடினாள்.

அவள் வழக்கமாக உட்காரும் கணினியில் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். திரை முழுக்க நத்தை.

“என்னம்மா, விலங்கியலா?”

“இல்லக்கா, சிவில் இன்ஜினியரிங். பாலம் கட்டப் படிக்கிறோம்.”

“பாலத்துக்கும் நத்தைக்கும் என்ன சம்பந்தம்?”

“அதை ஏன்க்கா கேக்குறீங்க! ஆய்வுக் கட்டுரையை எப்படித் தேடுறதுன்னு முதலாமாண்டு மொத்தத்துக்கும் வகுப்பு எடுக்கிறாங்கல்ல உஷ் மேடம்? ஆளுக்கு ஒரு நத்தைக் கட்டுரையைத் தேடிப் பிடிச்சு, முழுசா படிச்சு, எழுந்து நின்னு சொல்லணும். வணிகவியலுக்கும் நத்தை, சட்டத்துக்கும் நத்தை. ‘நான் சிமென்ட்டைப் பத்தித் தேடிக்கிறேனே மேடம்’னு கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“‘சிமென்ட் காத்திருக்கும்மா, நத்தைக்குத்தான் அவசரம்’னுட்டாங்க!”