ஊட்டிக் குளிர்

கட்டிலில் குதித்துக் குதித்துச் சிரித்தாள் கீர்த்தி. "இன்னும் கொறைங்க! பதினாறுல வைங்க!"

சிவபாலன் ஏ.சி. ரிமோட்டை அழுத்திவிட்டுப் போர்வைக்குள் புகுந்தான். கல்யாணமாகி இருவரும் தனியாகக் கிளம்பிய முதல் பயணம். சாதாரண லாட்ஜ்தான். ஆனால் தறிச் சத்தம் இல்லை, கதவைத் தட்ட ஆள் இல்லை.

போன் அடித்தது. அம்மா இந்திராணி.

"ஊட்டி எப்படிப்பா இருக்குது?"

"செம குளிரும்மா. பல்லு தந்தியடிக்குது."

"குடுத்து வச்சவங்கப்பா. இங்க நானும் உங்கப்பாவும் வெயில்ல வெந்துக்கினு இருக்கிறோம்."

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி கணீரென்று அடித்தது.

"என்னப்பா, அங்கயும் மணி கேக்குது?"

"ஊட்டியிலயும் கோயில் இருக்குதும்மா!"

சட்டென்று போனை வைத்தான். கீர்த்தி ஓடிப்போய், சரியாகச் சாத்தாமல் விட்டிருந்த ஜன்னலை இறுகச் சாத்தினாள்.

அடித்தது கச்சபேஸ்வரர் கோயில் மணி. சீசனில் ஊட்டி அறை வாடகையைக் கேட்டுத் தலைசுற்றி, காஞ்சிபுரத்திலேயே, வீட்டுக்கு நாலு தெரு தள்ளி அறை எடுத்திருந்தார்கள்.

வயிறு வலிக்கச் சிரித்ததில் பசியெடுத்தது. டிபன் வாங்கிவர, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு கதவைத் திறந்தான் சிவபாலன்.

எதிர் அறைக் கதவும் திறந்தது.

போர்வையைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்கும் கையுமாக அப்பா. அவருக்குப் பின்னால், போனைப் பிடித்தபடி அம்மா.

முதலில் சமாளித்தது அம்மாதான்.

"என்னப்பா முழிக்கிற? நீ குளிருது குளிருதுன்னு சொன்னியா, ஆசையாயிடுச்சு. நாங்களும் ஊட்டிக்கே வந்துட்டோம்!"